பதியாத பெயருக்கும் உரிமை உண்டு: கறித்தூள் பைக்கற் ஒன்று எனக்குப் படிப்பித்த சட்டம்

சென்ற வருடம் நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் பாடசாலையில் தரம் 10 படிக்கும் மாணவி ஒருத்தியின் உம்மா கையில் ஒரு கடித உறையுடன் எனது வீட்டுக்கு வந்தார். கணவர் மௌத்தான பிறகு கறித்தூள் இடித்து விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வேறு ஊர் வியாபாரி ஒருவர் சார்பில் சட்டத்தரணி ஒருவர் அனுப்பியிருந்தார். தனது கட்சிக்காரர் குறித்த வர்த்தகக் குறியைப் பதிவு செய்ய விண்ணப்பித்துள்ளார், அதை ஒத்த லேபலை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், 14 நாட்களுக்குள் கடைகளில் உள்ள பொதிகளை மீளப் பெறாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்பது அதன் சாரம்.

நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சேர், என்ட புள்ளட பேர நான் போடக் கூடாதாம். இதென்ன ஞாயம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்காக நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. காரணம், அந்த லேபலை வரைந்து கொடுத்ததே நான்தான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்து எழுத்துக் கீறுவதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. பதினொரு வருடங்களுக்கு முன்னர் மஞ்சள் நிறப் பின்னணியில், சிவப்பு எழுத்தில் அவரது மூத்த மகளின் பெயரைப் போட்டு, கீழே ஆவி பறக்கும் ஒரு மண்சட்டியையும் கீறிக் கொடுத்தேன். வகுப்பில் வர்த்தகப் பாடம் நடத்துகிறேன். வியாபாரத்தின் வடிவங்கள் எத்தனை என்று மாணவர்களைப் பாடமாக்க வைக்கிறேன். லேபல் கீறிக் கொடுத்த அன்று, "இதைப் பதிந்து வையுங்கள் ராத்தா" என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

மற்றவரின் பைக்கற்றை அடுத்த நாள் சந்தையில் வாங்கிப் பார்த்தேன். அதே மஞ்சள். அதே சிவப்பு. மண்சட்டியின் காது மட்டும் மறுபக்கம் திரும்பியிருந்தது. பெயரின் முதலெழுத்து எங்களுடையதில் 'றி', அவருடையதில் 'ரி'. எமது பகுதியில் எந்தப் பிள்ளையின் பெயருக்கு எந்த ரகரம் போடுவது என்று பிறப்புச் சான்றிதழுக்கும் பாடசாலை இடாப்புக்குமே ஒத்துப்போவதில்லை. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். அவர் அந்தப் பொதியைச் சந்தைக்குக் கொண்டுவந்து மூன்று வருடங்கள்தான் ஆகின்றன.

ராத்தா தனது பிளாஸ்டிக் பைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு இருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை இருந்தது. 479 என்று தொடங்கும் பார்கோட் இலக்கத்துக்கான கடிதமும் இருந்தது. "எல்லாம் பதிஞ்சிதானே வெச்சிருக்கன்" என்றார். எமது சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரில் இன்ன முகவரியில் தொழில் செய்பவர் யார் என்பதைக் காட்டும் ஆவணம். அந்தப் பெயரைப் பண்டத்தின் மீது போட்டு விற்கும் தனியுரிமையை அது தருவதில்லை. கம்பனியாகப் பதிவு செய்தாலும் இதே கதைதான். சுகாதார அறிக்கை சுத்தத்தைப் பற்றியது. பார்கோட் கடையின் கணினிக்கு உரியது. வர்த்தகக் குறி என்பது முற்றிலும் வேறு பதிவு. அதை வழங்கும் இடம் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் மட்டுமே.

இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன்னர் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்து இரவிரவாக வாசித்தேன். சட்டத் தமிழ் எவ்வளவு கடினம் என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். 102ஆம் பிரிவுக்கு வந்ததும் மனம் உடைந்தது. குறியொன்றுக்கான தனியுரிமை பதிவினாலேயே பெறப்படும், முறையான விண்ணப்பத்தை முதலில் சமர்ப்பித்தவருக்கே பதிவு வழங்கப்படலாம் என்ற கருத்து அங்கே இருந்தது. அப்படியானால் முந்திக்கொண்டவர் அவர்தானே.

கொழும்பில் தொழில் செய்யும் எனது பழைய மாணவர் ஒருவர் சட்டத்தரணி. தொலைபேசியில் அழைத்துப் புலம்பினேன். "சேர், நீங்க எங்களுக்குச் சொல்லுவீங்களே, கேள்விய முழுசா வாசிச்சிட்டு விடை எழுதச் சொல்லி. இன்னும் ரெண்டு பிரிவு வாசிங்க" என்று சிரித்தார்.

அவர் சொன்னது 104ஆம் பிரிவு. மூன்றாம் ஆளின் உரிமை காரணமாக எந்தக் குறிகளைப் பதியக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. ஏற்கனவே பதிவான குறியை ஒத்திருப்பதைப் பதிய முடியாது என்பது எல்லோரும் எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் அத்துடன் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே வகையான அல்லது ஒத்த பண்டத்துக்காக, இலங்கையில் இன்னொருவர் முன்னரே பயன்படுத்தி வரும் பதியப்படாத குறியை, மக்கள் மயங்கக்கூடிய விதத்தில் ஒத்திருக்கும் குறியையும் பதிய முடியாது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பித்தவர் அந்த முன்பயன்பாட்டை அறிந்திருக்க வேண்டும், அல்லது அறியாமல் இருந்திருக்கவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும்.

மற்றது 160ஆம் பிரிவு. நியாயமற்ற போட்டியைப் பற்றியது. நேர்மையான வியாபார நடைமுறைக்கு மாறான செயல் எதுவும் நியாயமற்ற போட்டியாகும் என்று அது கூறுகிறது. மற்றவருடைய தொழில் குறித்தோ பண்டம் குறித்தோ குழப்பம் உண்டாக்குவது அதில் அடங்கும். அந்தக் குழப்பம் எதனால் வரலாம் என்று சொல்லும்போது, பதியப்பட்டதாயினும் பதியப்படாததாயினும் குறி என்று தெளிவாகவே சொல்கிறது. வர்த்தகப் பெயர், பண்டத்தின் தோற்றம், அதை முன்வைக்கும் விதம் ஆகியவையும் அங்கே உள்ளன. ஆகவே நான் கீறிய மஞ்சளும் மண்சட்டியும்கூடச் சட்டத்தின் கண்ணில் படுகின்றன. சட்டம் பதியாதவரை அப்படியே கைவிட்டுவிடவில்லை.

இரண்டு லேபல்கள் ஒத்திருக்கின்றனவா என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது? இதில்தான் சாதாரண மனிதர்கள் அதிகம் தவறுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசங்களை எண்ணுகிறார்கள். எதிர்த்தரப்பின் கடிதத்துக்குப் பிறகு நடந்த முதலாவது தொலைபேசிப் பேச்சிலும் அந்த வியாபாரி இதையே சொன்னார்: சட்டியின் காது வேறு, எழுத்து வேறு, நிறை வேறு.

1972இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பார்லே பிஸ்கட் வழக்கு இதற்கு நல்ல பதில். பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணை வீடு, நடுவில் தண்ணீர் வாளி ஏந்திய ஒரு பெண், சுற்றிலும் மாடுகள், கோழிகள். மைசூர் நிறுவனமொன்று வெளியிட்ட குளுக்கோஸ் பிஸ்கட் உறையிலும் ஒரு பெண், மாடுகள், கோழிகள். ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள். வாளிக்கும் அரிவாளுக்கும் வித்தியாசம் தெரியாதவர் யார்? கீழ் நீதிமன்றங்கள் வித்தியாசங்களைப் பார்த்தன. உச்ச நீதிமன்றமோ, வாங்குபவர் இரண்டு உறைகளையும் அருகருகே வைத்துக்கொண்டு கடைக்குப் போவதில்லை, அவர் மனதில் பதிந்திருப்பது பொதுவான தோற்றம்தான் என்று பார்த்தது. அளவு, நிறம், பெண், பண்ணை என்ற மொத்தப் பதிவு ஒன்றாக இருந்ததால் மைசூர் நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அங்கே பார்லேயின் உறை பதிவு செய்யப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒப்பிடும் முறை பதியாத குறிக்கும் இதுவேதான்.

பதிவே இல்லாத வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, 1990இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஜிப் எலுமிச்சை வழக்கு. 1956 முதல் ஜிப் என்ற எலுமிச்சைச் சாறு, எலுமிச்சம்பழம் போன்ற மஞ்சள் பிளாஸ்டிக் குப்பியில் விற்கப்பட்டது. அமெரிக்க நிறுவனமொன்றும் அதே வடிவக் குப்பியுடன் வந்தது. பெயர் முற்றாக வேறு, கழுத்தில் இருந்த லேபலும் வேறு. வாசித்துப் பார்த்தால் யாருமே ஏமாற மாட்டார்கள். ஆனால் வாங்க வரும் பெண்கள் லேபலை வாசிப்பதில்லை, மஞ்சள் எலுமிச்சையைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது விசாரணையில் நிரூபிக்கப்பட்டது. கவனமாகப் பார்த்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. பதியாத குறிக்காரர் எதை நிரூபிக்க வேண்டும் என்பதற்கு இன்றும் அந்த வழக்கையே காட்டுகிறார்கள். தனது பண்டத்துக்கு மக்களிடம் ஒரு நன்மதிப்பு இருக்கிறது. மற்றவரின் செயல் மக்களை மயங்க வைக்கிறது. அதனால் தனக்கு நட்டம் வருகிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது.

அடுத்த வீட்டுச் சிறுவனிடம் எங்கள் பைக்கற்றைக் காட்டிவிட்டு, இதுபோல் ஒன்று வாங்கி வா என்று சந்தைக்கு அனுப்பிப் பார்த்தேன். மற்றதைக் கொண்டுவந்தான். சட்டத்தரணியிடம் பெருமையாகச் சொன்னபோது, "சேர், எட்டு வயசுப் பிள்ளைய வெச்சு நீங்களே செஞ்ச பரிசோதனைய நீதிபதிக்கிட்ட சொல்லேலா" என்றார். ஆனால் நாங்கள் தேடாமலே உண்மையான ஒரு சாட்சி கிடைத்தது. பக்கத்து நகரத்தில் கல்யாணச் சாப்பாடு சமைக்கும் ஒருவர் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கட தூள் இந்த முற சரியில்ல ராத்தா, கறி நிறம் பிடிக்குதில்ல" என்று குறைப்பட்டார். அவர் கையில் இருந்தது ராத்தாவின் தூளே அல்ல. பத்து வருட வாடிக்கையாளர், தினமும் மசாலாவில் கை வைப்பவர், அவரே மாறி வாங்கியிருக்கிறார். அந்த வெற்றுப் பைக்கற்றையும் கடை பில்லையும் அவரிடமிருந்து வாங்கி வைத்தோம். குழப்பத்துக்கும் நட்டத்துக்கும் சேர்த்து அது ஒன்றே போதும் என்று சட்டத்தரணி சொன்னார்.

முந்திப் பதிந்தவர், முந்திப் பாவித்தவர் இருவரில் யார் பெரியவர் என்ற கேள்விக்குத் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு நல்ல உதாரணம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கலான விளக்கில் அல்வா விற்ற பழைய கடைக்கு, கடைக்காரர் வைக்காத பெயரை மக்களே வைத்தார்கள். பின்னர் இன்னொருவர் முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் வியாபாரம் தொடங்கினார். தன்னிடமும் பதிவு இருக்கிறது என்பது அவரது வாதம். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் பழைய கடையின் பக்கமே நின்றது. முன்பயன்பாட்டினால் சம்பாதித்த நன்மதிப்பின் உரிமை, பதிவினால் வரும் உரிமையிலும் மேலானது என்பதே அங்கு எடுத்த முடிவு. இந்தியச் சட்டத்தின் பிரிவுகள் வேறு. அந்தத் தீர்ப்பு எமது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எமது 104ஆம் பிரிவின் பின்னால் இருக்கும் நியாயமும் இதுதான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, பதியாமலே இருக்கலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. பதிந்தவர் சான்றிதழைக் காட்டினால் உரிமை நிரூபணமாகிறது. பதியாதவர் தனது நன்மதிப்பை ஊர் ஊராக, கடை கடையாக நிரூபிக்க வேண்டும். ராத்தாவின் தூளைக் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அறிவார்கள். கண்டியில் யாருக்குத் தெரியும்? மற்றவர் கண்டியில் அதே லேபலை விற்றால், அங்கே யாரும் மயங்கினார்கள் என்று சொல்வது கடினம். பதிவு செய்த குறியைத் தெரிந்துகொண்டே மீறினால் அது குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பதியாதவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அவருக்கு இருப்பது சிவில் வழக்கு. அதற்குக் கொழும்பில் உள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கோட்டை. ஒரு தவணைக்குப் போய் வருவதற்குள் இரண்டு நாள் தூள் இடிப்பு நின்றுவிடும். பெரும்பாலான சிறு வியாபாரிகள் உரிமை இல்லாததால் தோற்பதில்லை, பஸ் காசு இல்லாததால் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஊரில் சில பெரியவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். இருவரும் நம்மவர்கள்தானே, ரிஸ்க் அல்லாஹ் அளப்பது, பெயரில் என்ன இருக்கிறது, இரண்டு பேரும் விற்கட்டுமே என்றார்கள். அவர்களது நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தர்க் குப்பியிலிருந்து அபாயாக் கடையின் பெயர்ப் பலகை வரை எமது கடைத்தெருக்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் போடுவது சாதாரணமாகிவிட்டதற்கு இந்த நல்லெண்ணமும் ஒரு காரணம். ஒருவர் வளவில் மற்றவர் வேலி போட்டால் இப்படிச் சொல்வோமா? ஹலால் இலச்சினை விடயத்தில் மட்டும் நாம் உசாராகிறோம். ஹலால் என்ற சொல்லை யாரும் தனக்குச் சொந்தமாக்க முடியாது, அது பண்டத்தின் தன்மையைச் சொல்லும் சொல். ஆனால் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் இலச்சினை அந்த நிறுவனத்துக்குரியது. அனுமதியின்றி அதை அச்சிடுவது பிழை என்று எல்லோருக்கும் விளங்குகிறது. கறித்தூள் பைக்கற்றில் உள்ள மண்சட்டிக்கும் அதே நியாயம்தான் என்று சொன்னால் விளங்குவதில்லை.

நாங்கள் ஆதாரம் தேடத் தொடங்கினோம். அச்சகக்காரர் பழைய பில் புத்தகங்களை எறியாமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். முதலாவது ஆயிரம் லேபல் அடித்த திகதி கிடைத்தது. ராத்தாவின் கடன் கொப்பிகளில் பாதி கரப்பான் அரித்தவை. மீதியைத் திகதி வாரியாக அடுக்கினேன். கடைகளுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் காபன் பிரதிகளில் ஒன்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இன்று கடிதம் அனுப்பிய அதே வியாபாரி, தன் பொதியை வெளியிடுவதற்கு ஒரு வருடம் முன்னர், ராத்தாவிடம் மொத்தமாக ஐம்பது பைக்கற் வாங்கிக் கையெழுத்திட்டிருந்தார். முன்பயன்பாட்டை அறிந்திருக்க வேண்டும் என்ற 104ஆம் பிரிவின் நிபந்தனைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று என் அலுமாரியிலேயே இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்னர் எமது பாடசாலை வெளியிட்ட ஆண்டு மலரின் பின் அட்டைக்கு உள்ளே, வாழ்த்து விளம்பரமாக ராத்தாவின் லேபல் அரைப் பக்கத்தில் வந்திருக்கிறது. மலருக்கு விளம்பரம் சேர்க்கும் பொறுப்பு அன்று என்னுடையது. இரண்டாயிரம் ரூபா கேட்டு ஆயிரம்தான் வாங்கினேன். வருடம் அச்சிட்ட, ஊர் முழுக்கப் போன ஒரு பிரதி. பில்லைப் பொய் என்று யாராவது வாதாடலாம், ஆண்டு மலரை அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே சிறு தொழில் செய்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: லேபலின் முதல் பிரதி, அச்சுப் பில், கடைகளின் பற்றுச்சீட்டு, விளம்பரம், கண்காட்சியில் எடுத்த புகைப்படம், எதையும் எறியாதீர்கள். திகதி உள்ள காகிதம் எதுவாக இருந்தாலும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். கையில் பணம் வந்த அன்றே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பண்டங்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கறித்தூளும் மசாலாவும் 30ஆம் வகுப்பு. எந்த வகுப்பில் கேட்கிறீர்களோ அதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். பதிவு விண்ணப்பத் திகதியிலிருந்து பத்து வருடங்களுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

எங்கள் சட்டத்தரணி ஒரு பதில் கடிதம் எழுதினார். பற்றுச்சீட்டின் பிரதியும் மலரின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு 14 நாள் கெடு பற்றி யாரும் பேசவில்லை. மற்றவரின் புதிய பொதிகளில் மண்சட்டி போய் அகப்பை வந்திருக்கிறது. மஞ்சள் மட்டும் அப்படியே. பெயரையும் அவர் மாற்றவில்லை, விண்ணப்பத்தையும் வாபஸ் பெறவில்லை. ராத்தாவின் பெயரில் நாங்களும் 30ஆம் வகுப்பில் விண்ணப்பித்துவிட்டோம்.

விண்ணப்பமொன்று பரிசீலனையில் தேறினால் வர்த்தமானியில் வெளியிடப்படும். வெளியான நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பதிவு நடந்துவிடும். பிறகு அதை இரத்துச் செய்ய நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆட்சேபனை மனு தயாராக பைலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்ததும் இணையத்தில் வர்த்தமானியைத் திறந்து வர்த்தகக் குறிகளின் பக்கங்களைப் புரட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மதில் பக்கம் ராத்தாவின் மகள் வந்து, "வந்திட்டா சேர்?" என்று கேட்பாள். இந்த வாரமும் வரவில்லை.